எட்டாவது வள்ளல்

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு மனக்குறை. ஏழு பேரோடு கணக்கை முடித்துவிட்டார்களே என்று. தன்னிடம் இருந்த பொருளைக் கொடுப்பதில் என்ன அதிசயம்? தன் தலைமேல் இருந்த கடமையையெல்லாம் ஒன்றுவிடாமல் இறக்கி வாடிக்கையாளர் தலையில் வைத்துவிட்டு, அதற்கு மாதாமாதம் வாடகையும் வாங்கிக்கொள்வது அந்த ஏழு பேரில் எவருக்கும் தோன்றவில்லை. இணையவழித் தொலைபேசி விற்பவர்களுக்குத் தோன்றியது.

பழைய செம்புக்கம்பி லேண்ட்லைனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வாடிக்கையாளரை அது ஆளாகவே மதிக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக அடுக்கி, பக்கத்தில் ஜெனரேட்டரும் வைத்து, பேசுவதற்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே கம்பியில் அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஊரே இருட்டில் மூழ்கிக் கிடக்கும்; ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். மழைக்காலத்தில் கேபிள் கெட்டால் லைன்மேனைத் தேடி அலைய வேண்டும், அவ்வளவுதான். இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்ததையும் ஒரு பொறுப்பென்று சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றபடி நமக்கு ஒரு வேலையும் தராமல் நம்மைச் சோம்பேறிகளாக வளர்த்தது அந்தக் கறுப்புக் கருவி.

ஃபைபர் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. ஒளியிழை ஒளியைக் கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது. ஆகவே சுவரில் மாட்டும் பெட்டிக்கு மின்சாரம் உங்களுடையது, பிளக் உங்களுடையது, மின்வெட்டும் உங்களுடையது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில்கூட, பெட்டியை மாட்ட வந்த தம்பி இன்வெர்ட்டர் போகாத பிளக்காகப் பார்த்துத்தான் செருகிவிட்டுப் போயிருப்பார். அதைக் கண்டுபிடிக்கும் இன்பத்தை நமக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்து, கடையில் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கி மாட்டி, இனிக் கவலையில்லை என்று உட்கார்ந்தால், தெருமுனைக் கம்பத்துப் பெட்டியில் இருக்கும் சுவிட்சின் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். கொடையில் இப்படி அடுக்கடுக்காக ஆழம் உண்டு.

இந்தத் தாராளத்தைப் பொறுக்காத நாடுகளும் இருக்கின்றன. பிரிட்டனில் செம்புக்கம்பித் தொலைபேசியை அடியோடு நிறுத்தும் வேலை நடக்கிறது. 2025 டிசம்பர் என்று வைத்திருந்த கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்கள் மின்சாரம் நின்றாலும் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு செய்ய வழி இருக்க வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், தொலைபேசி நிறுவனங்களை நெருக்குகிறது. அமெரிக்காவிலும் இப்படித்தான். இணையத் தொலைபேசியில் 911 அழைத்தால் அழைப்பவரின் இருப்பிடத்தோடு அது உரிய அவசர மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று 2005-இல் ஆணையே போட்டார்கள். கருவியைக் கையோடு எடுத்துக்கொண்டு எந்த ஊரிலும் செருகிப் பேசலாம் என்று அந்த நிறுவனங்கள் நாடோடிச் சுகத்தைக் கொடுத்தன. நெஞ்சுவலி வந்தவன் எந்த ஊரில் கிடக்கிறான் என்று ஆம்புலன்ஸுக்கும் தெரிய வேண்டுமாம். எல்லாவற்றையும் ஒரே விலையில் எதிர்பார்த்தால் எப்படி?

வேகம் கொடுப்பதில் இவர்களுக்கு இணை கிடையாது. 300 எம்.பி.பி.எஸ். எடுங்கள், பேச்சு இலவசம் என்பார்கள். ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு, நல்ல தரமுள்ள ஜி.711 முறையில்கூட, ஒரு திசைக்குச் சுமார் 90 கிலோபிட் போதும். 300 எம்.பி.பி.எஸ்ஸில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பேசலாம். அத்தனை பேரை வீட்டுக்குள் எங்கே உட்காரவைப்பது என்பது நம் பாடு. பேச்சுக்கு வேண்டியது அகலம் அல்ல, நேரந்தவறாமை. சொல் ஒன்று வாயிலிருந்து கிளம்பி எதிர்முனைக் காதுக்குப் போய்ச்சேர 150 மில்லி நொடிக்குமேல் ஆகாமல் இருந்தால் நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுத்திருக்கிறது. தாமதம் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். தாமதம் ஒரே சீராக இல்லாவிட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். குரலைச் சுமந்துவரும் தரவுப் பொட்டலங்கள் வழியில் தொலைந்தால் “பணம் அனுப்பவில்லை” என்பதில் கடைசிப் பகுதி போய் “பணம் அனுப்ப” மட்டும் கேட்கும். விளம்பரத்தில் வேகம் அரைப் பக்கத்துக்கு இருக்கும்; தாமதமும் பொட்டலம் தொலைவதும் எங்கும் இருக்காது. கெட்ட செய்தியை வாயால் சொல்லக்கூடாது என்ற பண்பாட்டைக் காக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அலுவலகத்துக்கு வந்தால் வள்ளன்மை பெருக்கெடுக்கிறது. மூன்று பேர் வேலைபார்க்கும் அச்சகத்துக்கும் ‘கிளவுட் பி.பி.எக்ஸ்.’ என்ற இணையவழி அலுவலக எக்ஸ்சேஞ்சைக் கொடுக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க விலை கேட்கக் கூப்பிடுபவரிடம் கணினிக் குரல் வரவேற்புச் சொல்லி, தமிழுக்கு 1, ஆங்கிலத்துக்கு 2, விற்பனைக்கு 3 என்று விசாரிக்கிறது. 3-ஐ அழுத்தினாலும் 4-ஐ அழுத்தினாலும் எடுப்பவர் அந்த மூவரில் ஒருவரான முருகேசன்தான். ஆனாலும் கூப்பிட்டவருக்கு ஒரு பெரிய நிறுவனத்தோடு பேசிய நிறைவு கிடைக்கிறது. அந்த நிறைவோடு அவர் பக்கத்துக் கடைக்குப் போகிறார்.

விலையிலும் ஒளிவுமறைவு கிடையாது. பார்க்கத்தான் பொறுமை வேண்டும். ஓர் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்பார்கள். அதற்குமேல் எண்ணுக்கு வாடகை, அழைப்பைப் பதிவுசெய்ய ஒரு தொகை, பதிவை வைத்திருக்க இன்னொரு தொகை, எல்லாவற்றின் மேலும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ‘அளவில்லாத பேச்சு’ என்பதற்குப் பக்கத்தில் எறும்பு அளவில் ஓர் உடுக்குறி இருக்கும். அது கடைசிப் பக்கத்துக்கு அழைத்துப்போய், நியாயமான பயன்பாட்டு வரம்பு என்ற ஒன்றைக் காட்டும். எது நியாயம் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். அந்த ஒரு சிரமத்தை மட்டும் நமக்குக் கொடுக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் தனிச்சிறப்பு, அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் அது உழைப்பது. எக்ஸ்டென்ஷன் 101, கடவுச்சொல்லும் 101 என்று பொருத்திக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள், நாம் மறந்துவிடக்கூடாதே என்ற பரிவில். இணையத்தில் இப்படித் திறந்துகிடக்கும் கதவுகளை நாள் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. ஒரு சனிக்கிழமை இரவு கதவு திறக்கும். திங்கள்கிழமை காலைக்குள், உலகப்படத்தில் தேட வேண்டிய தீவுகளுக்கெல்லாம், நிமிடக் கட்டணம் மிக உயர்ந்த எண்களாகப் பார்த்து, உங்கள் செலவில் பேசித் தீர்த்திருப்பார்கள். உள்ளூர் விசாரணை தவிர வேறு அழைப்பே இல்லாத அச்சகத்துக்கு இவ்வளவு பன்னாட்டுத் தொடர்பு வேறெப்படி வாய்க்கும்? வெளிநாட்டு அழைப்பை அடைத்துவைக்கவும் செலவுக்கு உச்சவரம்பு போடவும் அமைப்புகளில் இடம் உண்டு. கேட்டால் செய்து தருவார்கள். கேட்க வேண்டும் என்று சொல்லமாட்டார்கள்.

பழுது வந்தால்தான் இவர்களுடைய ஒற்றுமை தெரியும். என் வீட்டில் கொஞ்ச காலம், நான் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. உறவினர்களிடையே இதனால் எனக்கு நல்ல பெயர்கூட வந்தது என்பது வேறு விஷயம். தொலைபேசி நிறுவனத்தைக் கேட்டால் “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார், பிராட்பேண்ட்காரங்களைக் கேளுங்க” என்றார்கள். பிராட்பேண்ட்காரர் ரவுட்டரைக் கைகாட்டினார். ரவுட்டர் செய்தவர் வாரண்டி முடிந்துவிட்டது என்றார். மூவரும் சொன்னது தனித்தனியே உண்மை. கடைசியில் ரவுட்டருக்குள் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒரு வசதி குடியிருப்பது தெரிந்தது. அழைப்புச் செய்தியில் உள்ள முகவரிகளை வழியில் பிரித்துப் பார்த்து, உதவுவதாக நினைத்து, மாற்றி எழுதிவிடும் புண்ணியவான் அது. அணைத்துவைத்ததும் காது திரும்பியது. ஒரு சொடுக்கில் தீர்வதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கல்வி கிடைத்திருக்குமா?

எண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கைபேசி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்ற 2011 முதல் இந்தியா முழுவதும் வழி இருக்கிறது. லேண்ட்லைன் எண்ணுக்கு அந்தத் தொல்லை வரவில்லை. பெயர்ப்பலகையில், பில் புத்தகத்தில், ஊர்க்காரர் நினைவில் பதிந்த எண் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகாது. புதிய எண், புதிய பலகை, புதிய பில் புத்தகம். இதனால் அச்சகங்களும் பெயர்ப்பலகை எழுதுபவர்களும் பிழைக்கிறார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உறவு என்று ஏற்பட்டால் எளிதில் விடாத பாசமும் இந்தக் குலத்துக்கு உண்டு. அமெரிக்காவின் வோனேஜ் நிறுவனத்தில் சேர்வது எளிதாக இருந்தது, இணையத்திலேயே முடிந்துவிடும். பிரிவதற்கோ, எளிதில் கண்ணில் படாத ஓர் எண்ணைத் தேடிப்பிடித்து, அவர்கள் வைத்த நேரத்தில் கூப்பிட்டு, போகவேண்டாம் என்று மன்றாடுவதற்கென்றே அமர்த்தப்பட்ட ஊழியரிடம் பேச வேண்டியிருந்தது. இந்தப் பாசத்தை அந்நாட்டின் வணிக ஆணையம் குற்றமென்றது. 2022-இல் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 10 கோடி டாலர் வைக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. நேர்மாறான துறவிகளும் இருந்தார்கள். சன்ராக்கெட் என்ற நிறுவனம் ஓர் ஆண்டுப் பேச்சுக்கு 199 டாலரை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் வழக்கமுடையது. 2007 ஜூலையில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு, திடீரென்று கடையைக் கட்டியது. பற்றறுத்தல் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இவ்வளவும் அறிந்தும் நன்றியில்லாத மனிதர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். நான் பார்க்கவே எங்கள் தெரு அச்சகத்துப் பெரியவர், விற்பனைக்கு வந்த இளைஞரை நாற்காலியில் உட்காரவைத்து, மோரும் கொடுத்துவிட்டு, கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டார்.

“கரண்ட் போச்சுன்னா வர்ற போன் தானா என் செல்லுக்குத் திரும்புமா தம்பி?”

“அது பிரீமியம் பிளான்ல சார்...”

“வெளிநாட்டுக் காலை இன்னைக்கே பூட்டி, மாசத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு வரம்பும் போட்டு எழுதித் தருவீங்களா?”

“சார், அதெல்லாம் யாரும் கேக்கிறதில்லையே.”

“நான் கேக்கிறேன் தம்பி. நாளைக்கு வேண்டாம்னா யாருக்கு எழுதணும், எத்தனை நாள்ல நிறுத்துவீங்க? அப்புறம், வருஷத்துக்கு வேண்டாம், முதல்ல ஒரு மாசத்துக்குக் கட்டறேன். பேசிப் பாத்துட்டு, பழைய லைனை எடுக்கிறதா வேண்டாமான்னு பாத்துக்கலாம்.”

மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று இளைஞர் எழுந்துபோனார். மறுநாள் மேலாளரே கூப்பிட்டார். கேட்டவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் இருபது சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்.