பஞ்சு மேகமும் பாராசூட்டும்

மேகம் பஞ்சு மாதிரிதானே இருக்கிறது? பாராசூட்காரர்கள் அதற்குள் குதிக்க ஏன் தடை?

பஞ்சுதான். கண்ணை அடைக்கிற பஞ்சு! 1967 ஆகஸ்ட் 27, அமெரிக்காவின் ஒஹாயோ. 20,000 அடி உயரத்தில், மேகத்துக்கு மேலிருந்து 18 பேர் குதித்தார்கள். கீழே விமானத்தளம் என்று நினைப்பு. ரேடார் பார்த்தவரோ வேறொரு விமானத்தை இவர்களுடையது என்று எண்ணி இடம் சொல்லியிருந்தார். மேகத்தைத் தாண்டியதும் தெரிந்தது ஈரி ஏரி. கனத்த உடையும் பூட்ஸுமாக எவ்வளவு நேரம் நீந்துவது? 16 பேர் மூழ்கினார்கள்.

விமானமே பறக்கிற பலத்த காற்றில் பாராசூட்காரர்கள் மட்டும் ஏன் குதிக்காமல் காத்திருக்கிறார்கள்?

விமானத்துக்குச் சக்கரம் இருக்கிறது, இவர்களுக்கு முழங்கால்தான்! பலத்த காற்றில், இறங்கிய பிறகும் பாராசூட் ஆளை விடாது. தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும்.