வெல்லத்துக்கு விதிவிலக்கு

கல்யாணப் பந்தியில் கவனியுங்கள். "எனக்கு சுகர்" என்று ஜாங்கிரியைக் கைநீட்டித் தடுத்தவர், அடுத்து வரும் சர்க்கரைப் பொங்கலுக்கு இலையில் தாராளமாக இடம் ஒதுக்குவார். கேட்டால், "அது வெல்லம்தானே!" வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். பாவம், கணையத்துக்குப் பாரம்பரியம் புரிவதில்லை.

"ராத்திரி சோறே தொடறதில்லை" என்பது அடுத்த பெருமை. சோற்றின் இடத்தில் ஆறு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. கோதுமையும் மாவுச்சத்துதான் என்று சொல்லிப் பாருங்கள், வடநாட்டுக்காரனை உதாரணம் காட்டுவார்கள். வடநாட்டிலும் சுகர் இருக்கிறது.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள்தான் உண்மையான விரதம். பாகற்காய் ஜூஸ், ஊறவைத்த வெந்தயம், மொட்டை மாடியில் வேக நடை. வெறும் வயிற்று அளவு ஓரளவு ஏமாந்துபோகும். சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி ஏமாறாது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், தீபாவளி லேகியத்தோடு உள்ளே போன அதிரசமும் அதன் கணக்கில் ஏறியிருக்கும். "லேப் சரியில்லை" என்று தீர்ப்பாகும்.

அப்புறம் பூங்காவில் எட்டு வடிவ நடை, அதுவும் வெறுங்காலில். சுகரால் மரத்துப்போன காலில் முள் தைத்தாலும் தெரியாது. உள்ளங்கையை நீட்டிக்கொண்டு ஜோசியர் வீட்டில் அரை நாள் உட்காருகிறவருக்கு, படுக்கப்போகும்முன் உள்ளங்காலைப் பார்க்க ஒரு நிமிஷம் கிடைப்பதில்லை. தரையில் ஒரு கண்ணாடி வைத்தால் குனியக்கூட வேண்டாம்.