ஒரு குழிக்கு 11 டேங்கர்

1982 ஏப்ரல் 2. அர்ஜென்டினாவை ஆண்டுகொண்டிருந்த ராணுவத் தளபதி கல்தியேரிக்கு உள்ளூரில் செல்வாக்கு சரிந்துகொண்டிருந்தது. விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் ஆட்சியாளர்கள் வழக்கமாகச் செய்வதை அவரும் செய்தார்: கைக்கெட்டிய, பிரிட்டன் வசமிருந்த ஒரு தீவுக்கூட்டத்தைப் பிடித்தார். ஃபாக்லாந்து. மனிதர்கள் சுமார் 1,800 பேர், ஆடுகள் பல லட்சம். லண்டனில் பிரதமர் மார்கரெட் தாட்சரின் செல்வாக்கும் அதே கதியில்தான் கிடந்தது. ஆகவே அவருக்கும் அந்த ஆடுகளின்மேல் திடீர்ப் பாசம் பிறந்தது.

பிரிட்டிஷ் கடற்படை குஷியாகிவிட்டது. முந்தைய ஆண்டுதான் சிக்கனம் என்று சொல்லிக் கப்பல்களைக் கழிக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். இன்வின்சிபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஆஸ்திரேலியாவுக்கு விற்கவே பேசி முடித்திருந்தார்கள். அதையும், ஹெர்மிஸ் என்ற கிழட்டுக் கப்பலையும் (பின்னாளில் நம் கடற்படை வாங்கி ‘விராட்’ என்று பெயர் வைத்து 2017 வரை ஓட்டியதே, அதேதான்) மூன்றே நாளில் கிளப்பிவிட்டார்கள். கரையில் பேண்டு வாத்தியம், கொடி, கண்ணீர் எல்லாம் உண்டு.

விமானப்படைக்கு வயிறு எரிந்தது. பேரெல்லாம் கப்பல்காரன் வாங்கிக்கொண்டு போய்விட்டால் அடுத்த பட்ஜெட்டில் கையேந்துவது எப்படி? ஆனால் பக்கத்தில் இருக்கும் தளம் அசென்ஷன் தீவு. ‘பக்கம்’ என்றால் 6,000 கிலோமீட்டருக்கு மேல். தீவு பிரிட்டனுடையது, அதன் ஓடுதளத்தை நடத்துவது அமெரிக்காக்காரன். அங்கிருந்து கிளம்பி, ஃபாக்லாந்தின் தலைநகர் ஸ்டான்லியில் இருக்கும் ஓடுதளத்தில் குண்டு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவு தூரம் பறக்கும் குண்டுவீச்சு விமானம் அவர்களிடம் கிடையாது. இருந்ததெல்லாம் வல்கன்.

வல்கன் பார்க்க அழகு. முக்கோண இறக்கை, ராட்சத வௌவால் மாதிரி. மாஸ்கோமேல் அணுகுண்டு போடச் செய்தது, 1956-இல் பணிக்கு வந்தது, ஒரு போரையும் பார்க்காமலே ஓய்வுபெற இருந்தது. பைலட் இருவருக்கும் வெளியே எகிறும் இருக்கை உண்டு. பின்னால் உட்காரும் மூவருக்குக் கிடையாது. ஆபத்து வந்தால் அவர்கள் தவழ்ந்து போய்க் கீழ்க்கதவைத் திறந்து குதிக்க வேண்டும். ஆங்கிலேயரின் வர்க்க உணர்வு ஆகாயத்திலும் குறையாது.

பறக்கும்போதே எரிபொருள் வாங்கிக்கொள்ள இதன் மூக்கில் ஒரு குழாய் உண்டு. அதைப் பயன்படுத்தி ஏறக்குறைய 20 வருஷம். குழாயையே பல விமானங்களில் கழற்றி எங்கோ போட்டிருந்தார்கள். இப்போது ஆரம்பித்தது காயலான் கடை வேட்டை. அருங்காட்சியகத்துக்குத் தானம் கொடுத்த வல்கன்களிலிருந்து குழாய்களைக் கழற்றி வந்தார்கள். கலிஃபோர்னியா வரைக்கும் ஆள் போனது. இந்த எரிபொருள் அமைப்பின் முக்கியமான பாகம் ஒன்று அதிகாரிகள் மெஸ்ஸில் சிகரெட் சாம்பல் தட்டும் கிண்ணமாக வாழ்ந்துகொண்டிருந்ததாக விமானப்படையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். கடலுக்குமேல் திசை காட்டும் கருவியை விசி-10 ரகப் பயணிகள் விமானத்திலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். ரேடாரைக் குழப்பும் கருவியை மாட்ட இறக்கையடியில் இடம் வேண்டுமே? 1962-இல் அமெரிக்கா கைவிட்ட ஸ்கைபோல்ட் ஏவுகணைக்காகச் சில வல்கன்களில் வைத்த மாட்டுமுனைகள் அப்படியே இருந்தன. அதில் சாதாரண இரும்பை வெல்டு வைத்துத் தாங்கி செய்துவிட்டார்கள். நேட்டோவின் தூண்களில் ஒன்றான வல்லரசு போருக்குப் புறப்பட்ட லட்சணம் இது.

அடுத்து, எரிபொருள் கணக்கு. டேங்கர் விமானத்தின் பெயர் விக்டர். ஒரு விக்டர் வல்கனுடன் தெற்கே போனால் பாதி வழியில் அதற்கே தாகம் எடுக்கும். அதற்கு ஊற்ற இன்னொரு விக்டர். அந்த இன்னொன்றுக்கு ஊற்ற மற்றொன்று. சோறு சுமப்பவனுக்குச் சோறு சுமக்க ஒருத்தன், அவனுக்கும் சேர்த்துச் சுமக்க மேலும் ஒருத்தன் என்று போகிற யாத்திரை. ஒரே ஒரு வல்கன் போய்த் திரும்ப 11 விக்டர். வல்கன் போகும்போது ஏழு முறை குடிக்கும், வரும்போது ஒரு முறை. இந்தப் பெருங்கணக்கைப் போட உதவியது, சுவாஃபம் என்ற ஊர்ச் சந்தையில் 4.95 பவுண்டுக்கு வாங்கிய கால்குலேட்டர்.

ஏப்ரல் 30 நள்ளிரவை ஒட்டி 13 விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. 11 விக்டர், குண்டு போட ஒரு வல்கன், அது படுத்துக்கொண்டால் போக இன்னொரு வல்கன். படுத்துக்கொண்டது. முதல் வல்கனின் பக்கவாட்டு ஜன்னல் சரியாக மூடவில்லை. உள்ளே காற்றழுத்தம் நிற்கவில்லை. அணுயுத்தத்துக்குச் செய்த விமானம் ரப்பர் சீலில் தோற்றுத் திரும்பியது. துணைக்கு வந்த வல்கனின் பைலட் மார்ட்டின் விதர்ஸ், மாப்பிள்ளைத் தோழனாகப் போய்த் தாலி கட்ட நேர்ந்தவராக, மேலே போனார்.

வல்கன் கணக்கைவிட அதிகமாகக் குடித்தது. தெற்கே புயல் மேகத்துக்குள் ஒரு விக்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும்போது குழாய் முனை ஒடிந்தது. கடைசிவரை போக வேண்டிய விக்டர் அதுதான். பாப் டக்ஸ்ஃபோர்டு என்ற பைலட் தான் கொடுத்த எரிபொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதன் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். வல்கனுக்கு ஊற்றி முடித்தபோது அவர் வீடு திரும்பவே எரிபொருள் இல்லை. உதவி கேட்கலாம் என்றால் ரேடியோவில் வாய் திறக்கக்கூடாது. குண்டு விழுந்த செய்தி வரும்வரை அவரும் கூட இருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு பறந்தார்கள். அதற்குப் பிறகே இன்னொரு டேங்கரைக் கூப்பிட்டார். இந்தக் கதையில் எனக்கு மரியாதை வருகிற ஒரே இடம் இது.

மே 1, ஸ்டான்லியில் விடியாத நேரம். விதர்ஸ் ரேடாருக்குத் தப்ப 300 அடி உயரத்தில் வந்து, 10,000 அடிக்கு ஏறி, 21 குண்டுகளையும் வரிசையாக உதிர்த்தார். ஒவ்வொன்றும் 1,000 பவுண்டு. குறி பார்க்கும் தத்துவத்தைக் கேளுங்கள்: ஓடுதளத்தின் நீளவாக்கில் போட்டால் கொஞ்சம் விலகினாலும் அத்தனையும் வீண். குறுக்காகச் சாய்வாகப் போட்டால் முன்னும் பின்னும் மண்ணில் விழுந்தாலும் ஏதாவது ஒன்று நடுவில் விழுமல்லவா? விழுந்தது. சரியாக ஒன்று. ஓடுதளத்தின் நடுவே ஒரு குழி. கிட்டத்தட்ட 16 மணி நேரப் பயணம். அதுவரை உலகம் கண்ட மிக நீண்ட குண்டுவீச்சு. பொழுது விடிந்ததும் ஹெர்மிஸிலிருந்து சீ ஹாரியர் விமானங்கள் சாவகாசமாக வந்து அதே இடத்தில் குண்டு போட்டுவிட்டுப் போயின.

அர்ஜென்டினாக்காரர்கள் குழியை மூடினார்கள். மூடியதோடு நிற்கவில்லை. பகலில் ஓடுதளத்தின்மேல் ஆங்காங்கே மண்ணைக் குவித்து, மேலிருந்து படம் எடுத்தால் குழிகள் போலத் தெரியும்படி வைத்தார்கள். இரவானால் அள்ளி ஓரமாகத் தள்ளிவிட்டு ஹெர்குலிஸ் சரக்கு விமானங்களை இறக்கினார்கள். போர் முடியும்வரை அவை வந்து போய்க்கொண்டிருந்தன. 11 டேங்கருக்கு மண்வெட்டியால் பதில். எதிரியின் போர் விமானங்களை இந்தத் தாக்குதல் அவர்களுடைய தலைநகரைக் காக்கப் பின்வாங்க வைத்தது என்று விமானப்படை இன்றும் வாதாடும். சீ ஹாரியர் படைப்பிரிவை நடத்திய ‘ஷார்க்கி’ வார்டு, அந்த எரிபொருளை எங்களிடம் கொடுத்திருந்தால் நூற்றுக்கணக்கான முறை பறந்திருப்போம் என்று புத்தகத்திலேயே எழுதிப் புகைந்தார்.

குறி பார்த்து அடிக்கும் ஆயுதம் அந்தப் போரில் இல்லாமல் இல்லை. விமானத்திலிருந்து ஏவும் எக்ஸோசெட் ஏவுகணை அர்ஜென்டினாவிடம் மொத்தமே ஐந்து இருந்தது. மே 4 அன்று அதில் ஒன்று ஷெஃபீல்டு என்ற பிரிட்டிஷ் கப்பலைத் தாக்கியது. 20 பேர் செத்தார்கள். அதைப் பற்றி நகைச்சுவை எழுத எனக்குக் கை வரவில்லை.

வல்கன் விடவில்லை. ஏழு முறை திட்டமிட்டு ஐந்து முறை போய்ச் சேர்ந்தார்கள். ஜூன் 3 அன்று, ரேடாரைத் தேடி அடிக்கும் அமெரிக்க ஷ்ரைக் ஏவுகணைகளோடு போன வல்கன், திரும்பும் வழியில் எரிபொருள் குழாயை ஒடித்துக்கொண்டது. ஒரே வழி பிரேசில். நடுநிலை நாட்டுக்கு ஆயுதத்தோடு போகலாமா? மிச்சமிருந்த ஏவுகணைகளைக் கடலில் விடப் பார்த்தார்கள். அதில் ஒன்று போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது. ரகசியக் காகிதங்களைப் பையில் திணித்து, நடுவானில் கதவைத் திறந்து தூக்கி எறிந்தார்கள். பிரேசில் போர் விமானங்கள் துரத்த, இன்னொரு வட்டம் அடிக்க எரிபொருள் இல்லாத நிலையில் ரியோவில் இறங்கினார்கள். பிரேசில்காரர்கள் ஒரு வாரம் உபசரித்து, இனிமேல் இந்தப் போருக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி விமானத்தைத் திருப்பித் தந்தார்கள். ஏவுகணையை வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கூத்தில் விக்டர்களின் ஆயுள்தான் கரைந்துபோனது. போர் முடிந்த கையோடு டேங்கர் பற்றாக்குறை. விமானப்படை யோசித்தது. ஆறு வல்கன்களைப் பிடித்து, குண்டு வைக்கும் இடத்தில் எரிபொருள் தொட்டி வைத்து, வாலுக்கடியில் ஒரு பெட்டியைக் கட்டி, அவற்றை டேங்கர்களாக மாற்றியது. 1984 மார்ச் வரை அவை மற்ற விமானங்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தன.