பேனாவை மாற்றி மாற்றி

என் எம்.ஃபில். ஆய்வின் தலைப்பு, கல்லூரி மாணவர்களின் மன அழுத்தம். நான் தேர்ந்தெடுத்ததல்ல. போன வருஷத்து ஆய்வேட்டில் ‘பொறியியல்’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘கலை அறிவியல்’ என்று எழுதி என் கையில் கொடுத்தார் கைடு. மனத்தை ஆராயலாம் என்று உளவியல் துறைக்குள் வந்தவன், முதல் பருவம் முழுக்க அவர் வீட்டு கரண்ட் பில்லையும் மகளின் டியூஷன் நேரத்தையும் ஆராய்ந்தேன்.

கருவி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஷெல்டன் கோஹன் குழுவினர் 1983-இல் வெளியிட்ட அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். தமிழாக்கம், கூகுள் உபயம். எல்லாம் நினைத்தபடி நடந்ததா என்று கேட்கவேண்டிய இடத்தில், ‘பொருட்கள் உங்கள் வழியில் சென்றனவா’ என்றிருந்தது. “பார்சல் சர்வீஸாண்ணா?” என்றான் ஒரு பி.காம். பையன். சாப்பாட்டு மணிக்கு முந்தைய வகுப்பு அது. மூன்றே நிமிஷத்தில் நாற்பது படிவமும் திரும்பி வந்தன. பாதிக்கு மேல் எல்லாக் கேள்விக்கும் நடுக்கட்டத்தில் டிக். பத்து இரண்டு இருபது. ‘மிதமான மன அழுத்தம்’ என்று என் ஆய்வேடு அறிவித்தது. பிள்ளைகளுக்கு இருந்தது பசி.

முந்நூறு பேர் வேண்டும், கையில் 212. கைடு அசரவில்லை. “மீதிய ராத்திரி உக்காந்து நீயே போட்டுருப்பா. பேனாவ மட்டும் மாத்தி மாத்தி எழுது, ஒரே மைன்னா எக்ஸ்டர்னல் கண்டுபிடிச்சிருவாரு.” ஆராய்ச்சி முறையியல் குறித்து அவர் எனக்கு நடத்திய ஒரே பாடம். மூன்று பேனா வாங்கினேன். பிறக்காத 88 பேருக்கு விடிய விடிய மன அழுத்தம் வழங்கினேன்.

காப்பி பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2018-இல் யுஜிசி போட்ட விதி. சொல்லைத் திருடினால் மென்பொருள் பிடிக்கும், ஆளையே கற்பனை செய்தால் பிடிக்காது. என் 88 பேரும் சுத்தமான ஒரிஜினல். நெதர்லாந்தில் டீடெரிக் ஸ்டாப்பெல் என்ற சமூக உளவியல் பேராசிரியர் தரவுகளை இட்டுக்கட்டியது 2011-இல் அம்பலமாகி, அவருக்கு வேலை போயிற்று. ஊர் மாறிப் பிறந்துவிட்டார், பாவம். இங்கே என்றால் துறைத்தலைவர்.

அதே பருவத்தில் எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் மூன்று வாரம் விடுதி அறையை விட்டு வெளியே வரவில்லை. மனத்தைப் படித்துப் பட்டம் வாங்கிய பேராசிரியர்களில் ஒருவராவது போய்க் கதவைத் தட்டவில்லை. பதிவேட்டில் மட்டும் ஆப்சென்ட் தவறாமல் விழுந்தது. அவன் எங்கள் சாம்பிளில் இல்லையாம்.

வைவாவில் எக்ஸ்டர்னல் இரண்டு கேள்வி கேட்டார்: சாம்பிள் எத்தனை, ரயில் எத்தனை மணிக்கு.

2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிமுறை எம்.ஃபில்.லுக்கே மூடுவிழா நடத்தியது. முன்பு வாங்கியது செல்லுமாம். என் 88 பேரும் பிழைத்தார்கள். போன மாதம் ஒரு பிஎச்.டி. மாணவி என்னிடமே படிவத்தை நீட்டினாள். ஆய்வு மாணவர்களின் மன அழுத்தம். பொருட்கள் இன்னமும் என் வழியில்தான் சென்றுகொண்டிருந்தன. நடுக்கட்டத்தில் பத்து டிக் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் தயங்கி நின்றாள்.

“அண்ணா, வேற பேனால இன்னும் ரெண்டு போட்டுத் தர்றீங்களா?”