நல்லிணக்கக் கஞ்சி ஊற்றும் முறை

கரிவலம்வந்தநல்லூர்த் தம்பிமாரே, இந்த நோன்புக்கு மத நல்லிணக்கத் தொண்டு செய்வதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். நல்லது. முதல் வேலையாக பிளெக்ஸுக்குச் சொல்லிவிடுங்கள். ஊர்ப் பெயரே 12 எழுத்து. கீழே பால்வண்ணநாதர் கோயில் கோபுரம், ஒரு மினாரா, ஒரு சிலுவை, நடுவில் குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். மிச்ச இடமெல்லாம் பொறுப்பாளர்கள். இடம் பத்தவில்லையென்றால் சிலுவையைச் சுருக்கலாம். தலைவர் படத்தில் கைவைக்கக் கூடாது.

அரிசிக்கு அலைய வேண்டாம். நோன்புக் கஞ்சிக்கென்று பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசே வருஷந்தோறும் பச்சரிசி கொடுக்கிறது. அந்த மூட்டைமேல் கையை வைத்தபடி நின்றால் போதும். யார் கொடுத்ததென்று போட்டோவில் தெரியவா போகிறது?

போகும் நேரம்தான் முக்கியம். மதியமே வேலை தொடங்கிவிடும். பூண்டு உரிக்க வேண்டும், குருணையும் பாசிப்பருப்பும் களைய வேண்டும், வெந்தயம் போட்டு, அடிப்பிடிக்காமல் அண்டாவைத் துடுப்பால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்புப் புகையில் கண் எரியும், மூக்கு ஒழுகும். அப்போது மட்டும் போய்விடாதீர்கள். துடுப்பை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அஸர் தொழுகை முடிந்து, தூக்குவாளிகள் வரிசை கட்டும்போது போங்கள். வரிசையில் பொட்டு வைத்த அக்கா ஒருவர் கட்டாயம் நிற்பார். பிள்ளை வயிற்றுக்கு நல்லதென்று வருஷா வருஷம் வந்து வாங்குகிறவர்தான். அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை. அவரைப் பிடித்து நிறுத்துங்கள். கரண்டியைச் சாய்த்தபடி மூன்று கோணத்தில் படம் எடுங்கள். கஞ்சி ஆறினால் ஆறட்டும்.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்று இமாம் சொன்னால் தலையாட்டி வையுங்கள். ஹதீஸிலும் இருக்கிறது, பைபிளிலும் இருக்கிறது. அசல் நல்லிணக்கம்தான், ஆனால் பிளெக்ஸுக்கு உதவாது.

சென்னைக்காரர்களைப் பார்த்து மட்டும் கெட்டுப்போகாதீர்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கியது மயிலாப்பூரின் சூஃபிதார் அமைப்பு. அந்தச் சிந்தி இந்துக்கள், 1795-இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்கு நோன்பு மாதம் முழுக்கச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். சைவச் சாப்பாடு, காலையிலேயே அடுப்பு பற்றவைத்தாக வேண்டும், சாப்பிடுகிறவர்கள் ஆயிரத்துக்கு மேல். இளவட்டங்களும் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு தட்டுத் தட்டாகப் பரிமாறுகிறார்கள். ஒருநாள் கூத்தாகவும் விடவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக இதே வேலை. இப்படியே ஆளாளுக்குக் கிளம்பினால் நம்மைப் போன்றவர்கள் எங்கே போய்ப் படம் எடுப்பது?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் இதே கதை. சென்னையில் முஸ்லிம் பையன்கள் கோயிலுக்குள் இறங்கிச் சேறு அள்ளினார்கள். அது நோன்பு மாதம்கூட இல்லை. சீசன் இல்லாத நேரத்தில் செய்த சேவையை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடைசியாக ஒன்று. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மக்ரிப் தொழுகை முடிந்ததும் அண்டா கழுவ ஆள் தேடுவார்கள். அடி கருகிய அண்டா லேசில் விடாது. உள்ளே தலையை விட்டுத்தான் சுரண்ட வேண்டும். பைக்கை முன்கூட்டியே தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவது நல்லது.