மோடத்துக்காரர்

பாம்பு பிடிக்கிறவரை வீட்டுக்குள் பாம்பு வந்த பிறகுதான் நினைப்போம். இவரும் அப்படித்தான். கம்ப்யூட்டரைப் புதுசாக மாற்றி, பழைய சாஃப்ட்வேர் ‘மோடத்தைக் காணோம்’ என்று அழ ஆரம்பித்ததும் கடைவீதியில் யாராவது சொல்வார்கள்: “மோடத்துக்காரரைக் கூப்புடுங்க.” பெயர் யாருக்கும் தெரியாது. அவருக்கும் அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்குக் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் பம்ப்செட் உதிரிபாகக் கடை. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பியைத் தலைமுழுகியது. மகனின் நச்சரிப்புத் தாங்காமல் விண்டோஸ் 7 போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். ஆனால் ராத்திரி ஆர்டரைப் போன் லைன் வழியாகக் கம்பெனிக்கு அனுப்புகிற சாஃப்ட்வேர் விண்டோஸ் 98 காலத்தது. கூடவே டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு மோடம், நெற்றியில் சிவப்பு விளக்கு வரிசையோடு. மெயிலில் அனுப்பினால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். மோடத்துக்காரரிடம் அதைக் கேட்ட என் மகன், அவர் வருகிறார் என்றாலே இப்போதும் குடோனுக்குள் போய்விடுவான்.

வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் டெஸ்டர், கையில் ஜவுளிக்கடைப் பை. காப்பி வேண்டாம் என்றார். மோடம் ‘ஓகே’ சொல்லாமல் பச்சைத்தண்ணிகூடக் குடிக்க மாட்டாராம். உட்காருவதற்கு முன்பே, ஜோசியர் நட்சத்திரம் கேட்பதுபோலக் கேட்டார்: “32 பிட்டுங்களா, 64 பிட்டுங்களா?” 64 பிட் விண்டோஸில் அந்தக் காலத்து 16 பிட் புரோகிராம் எதுவும் ஓடாது, 64 என்றால் வந்த வழியே போக வேண்டியதுதான். நல்லவேளை, என்னுடையது 32.

பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 25 பின்னை 9 பின்னாக்கும் கேபிள். புதுக் கம்ப்யூட்டரில் 9 பின் சாக்கெட்டே இல்லாததால் அதை யூஎஸ்பி ஆக்கும் இன்னொரு கேபிள். ஒரு பென்டிரைவ்: அதில் மோடத்தோடு நேரடியாகத் தட்டிப் பேசுகிற ஹைப்பர்டெர்மினல். விஸ்டாவிலிருந்து விண்டோஸோடு அது வருவதில்லை. எக்ஸ்பியில் இருந்த இரண்டே இரண்டு ஃபைலை எடுத்துவந்து போட்டால் 7-லும் ஓடும். “கம்பெனிக்காரன் வெளிய அனுப்பிட்டான். நான்தான் வெச்சுக் காப்பாத்தறேன்” என்றார், அநாதைப் பிள்ளையை எடுத்து வளர்ப்பவர் குரலில். கடைசியாக ஒரு டைரி. எந்தக் கடையில் எந்த மோடம், அது எந்த மந்திரத்துக்கு எழுந்திருக்கும் என்று அதில் இருக்கிறது.

மந்திரம் எல்லாமே ‘ஏடி’ என்றுதான் ஆரம்பிக்கும். அட்டென்ஷன் என்பதன் சுருக்கம். 1981-இல் ஹேய்ஸ் கம்பெனி தன் ஸ்மார்ட்மோடத்தில் கொண்டுவந்தது. ஏடி இஸட் என்றால் பழையபடி ஆகு, ஏடி ஹெச் என்றால் போனை வை. மனிதர் நாற்பது வருஷமாகச் சம்சாரத்தை ‘அம்மிணி’ என்றுதான் கூப்பிடுகிறார். முதன்முதலில் வீட்டில் மோடத்தை வைத்துக்கொண்டு சத்தமாக “ஏடி... இஸட்டு” என்று படித்தபோது, அம்மிணி கரண்டியோடு வந்து நின்று, “யாரையுங்க ஏடீங்கறீங்க?” என்று கேட்டாராம். விளக்கம் சொல்லி முடிக்க இரண்டு நாள் ஆனதாகக் கேள்வி.

என் கடையில் வியாதி வேறு இடத்தில் இருந்தது. மோடம் செருகுகிற போர்ட்டுகளில் சாஃப்ட்வேருக்குக் காம் 1 முதல் காம் 4 வரைதான் எண்ணத் தெரியும். விண்டோஸோ யூஎஸ்பி கேபிளுக்குக் காம் 7 கொடுத்திருந்தது. என் மகன் ஒவ்வொரு ஓட்டையாக மாற்றி மாற்றிச் செருகியிருக்கிறான். ஓட்டைக்கு ஒரு நம்பர் போட்டு விண்டோஸ் ஞாபகம் வைத்துக்கொண்டது. டிவைஸ் மேனேஜரில் போய் 3 கேட்டால் ‘உபயோகத்தில் உள்ளது’ என்கிறது. உபயோகிப்பவர் யாரும் இல்லை. கல்யாணமாகித் திருப்பூர் போன பெண்ணின் பெயர் ரேஷன் கார்டில் நிற்கிற மாதிரி. மறைந்திருந்த பேர்களை எல்லாம் வரவழைத்து ஒவ்வொன்றாக நீக்கி, 7-ஐ 3 ஆக்கினார். ஹைப்பர்டெர்மினலில் ஏடி என்று தட்டினார். ‘ஓகே’ வந்தது. காப்பி வந்தது.

அதற்குப் பிறகு பேசினார் பாருங்கள். மோடம் நடுவழியில் பேசிக்கொண்டிருக்கும்போது அதை நம் பக்கம் திருப்ப ஒரு வழி உண்டு: ஒரு விநாடி மௌனம், மூன்று பிளஸ், மறுபடி ஒரு விநாடி மௌனம். இதை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்த முக்கால் மணி நேரத்தில் அந்த ஒரு விநாடி எனக்குக் கிடைக்கவே இல்லை.

ஆர்டர் அன்றைக்கு ராத்திரியே போய்விட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்த சோதனை.

கடையில் இன்டர்காம் இருப்பதால் வெளி லைனுக்கு 0 போட வேண்டும். இன்டர்காமின் டயல்டோன் மோடத்துக்குப் பிடிபடாது. ‘நோ டயல்டோன்’ என்று முறைக்கும். அதற்கு எக்ஸ்3 என்று ஒரு மந்திரம்: டோனுக்குக் காத்திராதே, டயல் பண்ணு. 0-வுக்கு அடுத்து ஒரு கமா, இரண்டு விநாடி மூச்சு விட. அதற்கப்புறம் ஒரு நம்பர். எந்த நம்பர் என்று கேட்டேன். “ஊட்டு நம்பருங்க. வேற யாரையும் தொந்தரவு பண்ணக்கூடாது பாருங்க.”

மோடத்தின் குட்டி ஸ்பீக்கரில் மணி அடித்தது. எடுத்தார்கள். மோடம் எதிர்பார்த்தது இன்னொரு மோடத்தின் கீச்சுக்குரலை. வந்தது அம்மிணியின் குரல்.

“ஏனுங், நீங்கதானுங்களே? பேச மாட்டீங்கன்னு தெரியும், கம்முனு கேளுங்க. சோறு ஆறிப்போச்சு. கேஸ்காரன் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டான். எங்கண்ணன் ஊட்டு விசேஷத்துக்கு வர்றேன்னுட்டு ராம்நகர்ல எவன் கடையிலயோ ஒயரைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தீங்களே, அண்ணி இன்னும் கேட்டுட்டு இருக்குது...”

இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை அந்தப் பக்கம் போகாது. மோடத்துக்குக் காது உண்டு, நம் வாயை அது அனுப்பாது. மோடத்துக்காரர் கைகட்டி நின்று கேட்டார். கடைப் பையன்கள் பில் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் நின்று கேட்டார்கள். ஐம்பது விநாடி. அதற்குள் எதிர்முனையில் மோடம் பதில் சொல்லாவிட்டால் லைனைத் துண்டிக்க வேண்டும் என்று மோடத்தின் எஸ்7 என்ற ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறது. சரியாக மாமனார் பேச்சு ஆரம்பிக்கும்போது திரையில் ‘நோ கேரியர்’ விழுந்தது.

“லைன் நல்லாருக்குதுங்க” என்றார், டைரியில் குறித்துக்கொண்டே.

எனக்கு மனசு கேட்கவில்லை. “ஏனுங்ணா, அந்த எஸ்7-ஐ 30 ஆக்கிட்டா என்னுங்க?”

பையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“ஆக்கிப் பாத்தேனுங்க. அம்மிணி ஸ்பீடைக் கூட்டிக்கிச்சு.”