சாமி பெயரில் கணக்குக் கேட்டவர்கள்

கேள்வி: கடவுளுக்கும் என் தராசுக்கும் என்ன சம்பந்தம்? அவர் பூஜை ரூமோடு இருந்துகொள்ளக் கூடாதா? (தக்காளி மண்டி வியாபாரி, பாலக்கோடு)

பதில்: இதே சந்தேகம் கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 750 வருஷம் முன்னால் இஸ்ரேல் வியாபாரிகளுக்கும் இருந்தது. பண்டிகை எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று துடித்துக்கொண்டிருந்தார்கள். ஆடு வளர்த்து, காட்டத்தி மரம் பார்த்துப் பிழைத்த ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி அங்கே போய், மரக்காலைச் சுருக்குகிறீர்கள், எடைக்கல்லைப் பெருக்குகிறீர்கள், பதரையும் கோதுமை என்று விற்கிறீர்கள், உங்கள் பாட்டும் படையலும் ஆண்டவருக்கு வேண்டாம் என்றார். மேலடுக்கில் கெட்டிப் பழம், அடியில் சொத்தை என்று கூடை கட்டுகிறவர்கள் அவரிடம் மாட்டாததால் தப்பித்தார்கள்.

கேள்வி: அவரைச் சும்மாவா விட்டார்கள்? (கல்லூரி மாணவி, காரிமங்கலம்)

பதில்: இது ராஜாவின் கோயில், நீ உன் ஊரில் போய்ப் பிழைத்துக்கொள் என்று பெத்தேல் ஆசாரியர் அமத்சியா விரட்டினார். கோயில் யாருடையது என்பதை ஆசாரியரே ஒப்புக்கொண்டார், பாருங்கள்!

கேள்வி: நம் தகடூரில் ஔவையார் இருந்தாரே, அவர் தீர்க்கதரிசி இல்லையா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மாரண்டஅள்ளி)

பதில்: கோபிக்காதீர்கள் ஐயா, இல்லை. உன் ஆயுதமெல்லாம் நெய் பூசி பத்திரமாக இருக்கிறது, நம் ராஜா அதியமானுடையதோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று தொண்டைமானிடம் சொன்னது அபாரமான நையாண்டி. ஆனால் அடி வாங்கியவன் எதிரி ராஜா, லாபம் அதியமானுக்கு. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் போர்முனையில் சாகவிட்ட தாவீதிடம், ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொல்லி, அந்தப் பணக்காரன் நீதான் என்று விரலை நீட்டினாரே நாத்தான், அவர் நீட்டியது சொந்த ராஜாவை நோக்கி.

கேள்வி: தமிழரில் அப்படி ஒருத்தர்கூடவா கிடையாது? (விவசாயி, பஞ்சப்பள்ளி)

பதில்: கன்னியாகுமரிப் பக்கம் சாமித்தோப்புக்கு பஸ் ஏறுங்கள். பெற்றோர் வைத்த முடிசூடும் பெருமாள் என்ற பெயரையே மேல்சாதியார் பொறுக்காததால் முத்துக்குட்டி ஆனவர் அய்யா வைகுண்டர். திருவிதாங்கூரில் அவர் ஜனங்களுக்குத் தலைவரி, கூலியில்லா ஊழியம், மேலாடைக்குத் தடை. 1833-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்தேன் என்றார். பக்தர்களுக்கு அவர் அவதாரம். நான் அவர் பார்த்த வேலையைச் சொல்கிறேன். அவர் வரலாறு பாடும் அகிலத்திரட்டு, திருவிதாங்கூர் ராஜாவை நீசன் என்றே அழைக்கிறது. அந்த ராஜா சுவாதித் திருநாள் அவரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார். வெளியே வந்தும் அடங்கவில்லை. எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு, ஆண்களுக்குத் தலைப்பாகை, பதி என்ற அவர் வழிபாட்டு இடத்தில் சிலைக்குப் பதில் கண்ணாடி. இன்றும் ஆண்கள் தலைப்பாகையோடுதான் அங்கே கும்பிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது வேறு. சொந்த ஜனங்களிடமும் கணக்குக் கேட்டார்: ஆடு கோழி வெட்டாதே, பேய்க்குப் படைக்காதே, காணிக்கை போடாதே. ராஜாவைத் திட்ட ஆள் கிடைக்கும். தன் உண்டியலைத் தானே மூடுகிற ஆள்?

கேள்வி: இவர்களுக்கு என்னதான் சம்பளம்? (பெயர் வேண்டாம், பாலக்கோடு)

பதில்: பெயர் போடக்கூட பயப்படுகிறீர்களே, அந்தப் பயம் இல்லாமல் இருப்பதுதான் அவர்கள் சம்பளம்.

கேள்வி: எல்லா சாமியாரும் ஒரே வாக்கு சொன்னால் நம்பலாம்தானே? (குடும்பத்தலைவி, வெள்ளிச்சந்தை)

பதில்: இஸ்ரேல் ராஜா ஆகாபிடம் சுமார் 400 தீர்க்கதரிசிகள் சொன்னார்கள், போருக்குப் போ, ஜெயிப்பாய் என்று. மிகாயா ஒருத்தர் மட்டும் மாற்றிச் சொன்னார். அவரைச் சிறையில் தள்ளிவிட்டு ஆகாப் புறப்பட்டான். போனவன் ராஜ உடுப்பைக் கழற்றிவிட்டு மாறுவேஷத்தில் போனான். 400 பேரையும் நம்பியவனுக்கு வேஷம் எதற்கு அம்மா?